பஞ்சர்த் தொட்டி

மூன்று நாளாகக் கடைக்கு டயர் வரவில்லை.
கால்கள் வருகின்றன.

நூவெல் பிரான்ஸ் ரவுண்டானா தாண்டி
தேயிலைக் காட்டுக்கு ஏறும் சாலையில்
சிவராத்திரிக்கு ஏரிக்குப் போகிறவர்கள், திரும்புகிறவர்கள்,
வெள்ளை உடுத்து, அதன்மேல் சேறு உடுத்து
மழைக்குள்ளிருந்து முளைக்கிறார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான்:
கிரீஸ் கறைமேல் மரத்தூள் கொட்டிப் பெருக்கினேன்.
லாரி டயர்களைப் படுக்கவைத்துப் பலகை போட்டேன்.
டியூப் முக்கிப் பார்க்கும் தொட்டியை
மூன்று தரம் தேய்த்துக் கழுவி
வெந்நீரும் ஒரு பிடி உப்பும்.

பழக்க தோஷம்.
யார் கால் வைத்தாலும்
குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.
"எங்கே ஓட்டை?" என்று
ஒரு பொடியனிடம் கேட்டேவிட்டேன்.
"எல்லா இடத்திலும், மிஸ்யே" என்றான்
டோல்பூரியை மடித்து
ஒரே வாயில் அடைத்துக்கொண்டு.

கோமளா டீ ஊற்றுகிறாள்.
வனிலா டீ, சர்க்கரை தூக்கலாக.
வேண்டாம் என்பவர்களுக்கே முதலில் கொடுக்கிறாள்.
அவர்கள்தாம் ரொம்பத் தூரம் நடந்தவர்கள்
என்பது அவள் கண்டுபிடிப்பு.

இரவு இரண்டு இருக்கும்.
ஃபிளாக் பக்கத்து ஆள், தனியாக,
ஏரியிலிருந்து திரும்பி வந்தான்.
தோளில் மூங்கில் கான்வார்,
ஜிகினாத்தாள் நனைந்து தொங்க
முன்னும் பின்னும் நிறைந்த சொம்பு.
வாசலிலேயே நின்றான்.

இறக்கக் கூடாதாம். தரையில் படக் கூடாதாம்.
தோள் மாற்ற வந்த தம்பி
முழங்கால் பிசகி பஸ் ஏறிவிட்டானாம்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன்.
இரண்டு டன் தூக்கும் ஜாக்கி இருக்கிறது.
சங்கிலிக் கப்பி இருக்கிறது. கொக்கி இருக்கிறது.
எல்லாவற்றிலும் எண்ணெய்.
கையை பெட்ரோலில் ஒரு தரம், சோப்பில் ஒரு தரம் கழுவி
"இங்கே வை" என்றேன், சட்டையை விலக்கி.

தோளைப் பார்த்தான்.
தைப்பூசக் காவடியின் தழும்பு
இன்னும் ஊதாவாக இருந்தது.
அன்று தார் கொதித்தபோது
யாரோ ஹோஸ் பிடித்து என் முன்னால்
சாலையை நனைத்துக்கொண்டே நடந்தார்.
கையை மட்டும் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

கால் வைத்தான். குமிழி இல்லை.
டீ பாதி குடித்தான்.
மீதி கையிலிருக்க, பிரேக் ஆயில் தட்டியில் சாய்ந்து
தூங்கிவிட்டான்.

கோமளா கோப்பையை விடுவித்தாள்
துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதுபோல், விரல் விரலாக.
எழுப்பவா என்றாள் கண்ணால்.
வேண்டாம்.

மூக்கு அரித்தது.
அந்த ஏரிக்கு நான் நடந்ததே இல்லை;
ஒரு தடவை வேனில் போனேன், ஸ்டெப்னி மாட்ட.
இப்போது முன்னால் பாதி ஏரி, பின்னால் பாதி ஏரி,
சளக் சளக்கென்று
என்னைப் பற்றித்தான் ஏதோ பேசிக்கொண்டு.

ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.
நானில்லையம்மா, அதோ வாயைத் திறந்து தூங்குகிறானே,
என்று சொல்வதற்குள் மழை அவளைச் சாத்திவிட்டது.

நாலே காலுக்கு விழித்தான்.
ஏன் எழுப்பவில்லை என்று திட்டினான், நியாயமாகவே.
கான்வாரை வாங்கிக்கொண்டு
"ஒரு சொட்டுத் தரட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
கோமளா சிரித்த சிரிப்பு
அவனுக்குப் புரிந்திருக்காது.

விடிந்ததும் ரொட்டிக்காரன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
பின் சக்கரம். பொடி ஆணி.
தொட்டியைப் பார்த்தேன்:
அடியில் செம்மண், ஒரு தேயிலைக் கொழுந்து,
யாருடையதோ பிளாஸ்திரி.
வலது கை இன்னும் மேலே ஏறவில்லை.

"சாயங்காலம் வா" என்றேன்.
"தண்ணீர் வேலையாக இருக்கிறது."